மனோகரன் பூட்டிய மெயில் பெட்டி

எங்கள் கம்பெனியில் தேவாவிடம் அடி வாங்காத ஆண்பிள்ளை ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் பெயர் மனோகரன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்புத் தகட்டை அடித்து வளைத்துக் கொடுக்கும் பிரஸ் ஷாப் எங்களுடையது. பதினோரு பிரஸ், நாற்பது பேர். முதலாளி கஜபதி மாடியில் ஏசி ரூமில் இருப்பார். கீழே முழுக்க அவர் தம்பி தேவாவின் ராஜ்ஜியம். தேவாவுக்கு வாய் திறப்பதற்கு முன்னால் கை பேசிவிடும். பீஸ் கோணலாக வந்தால் கன்னத்தில் ஒன்று, லேட்டாக வந்தால் பிடரியில் ஒன்று. பெண்கள் மேல் கை வைக்கமாட்டான். அதற்குப் பதிலாக எங்கள் காதோரம் இருக்கும் தகரப் பெட்டியை எட்டி உதைப்பான். அந்தச் சத்தத்தில் ஈரக்குலை நடுங்கும்.

என் பெயர் ஷர்மிளா, டெஸ்பாட்ச் பார்க்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். மீட்டர் போடாத ஆட்டோக்காரனிலிருந்து குப்பை எடுக்காத கார்ப்பரேஷன்காரன் வரை நின்ற இடத்தில் கேட்டுவிடுவேன். தேவா முன்னால் மட்டும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதை எழுதும்போதே எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது. போகட்டும், நான் சொல்ல வந்தது மனோகரன் அண்ணனைப் பற்றி.

அவர் ஆவடியில் டிஃபென்ஸ் ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். அப்பா அங்கே ஃபிட்டர். இருபத்திரண்டு வயதில் பட்டாபிராம் ஸ்டேஷனில், ரயில் படிக்கட்டில் நிற்கிற தகராறில், ஒருத்தன் தாடையை ஒரே குத்தில் உடைத்துவிட்டார். பதினோரு நாள் உள்ளே இருந்தார். வெளியே வந்த பிறகு மங்களம் அண்ணி அவரைக் கட்டிக்கொண்டது ஒரே ஒரு கண்டிஷனில்: "இன்னொரு தபா எவன் மேலயாவது கைய வெச்சே, நான் எங்கம்மா ஊட்டுக்குப் போய்கினே இருப்பேன்." அதிலிருந்து கோபம் வந்தால் அண்ணன் இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார். பாக்கெட்டுக்குள் முஷ்டி மடங்குவது வெளியே தெரியும். இந்தக் கதை தேவாவுக்கும் தெரியும். அண்ணன் கை பாக்கெட்டுக்குள் போனால் அவன் பேச்சை மாற்றிவிடுவான்.

டூல் ரூம் ஸ்டோர்கீப்பராகத்தான் சேர்ந்தார். யாருக்கு எந்த ஸ்பேனர் கொடுத்தோம், யார் திருப்பிக் கொடுத்தார்கள் என்று டோக்கன் போட்டு வைப்பது வேலை. மேனாம்பேட்டில் இரண்டு ரூம் வீடு. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்து, பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு, யூடியூப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டார். முதலாளிக்குச் சொந்தமாக மெயில் சர்வர் வேண்டும் என்று ஆசை வந்தபோது, வெளியாளைக் கூப்பிடாமல் இவரையே போடச் சொன்னார். சர்வர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்ப்யூட்டர், சூடாகாமல் இருக்க அதன் பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன், அவ்வளவுதான்.

போன வருஷம் தீபாவளிக்கு முன்னால் ஆசிக் விவகாரம் நடந்தது. முகமது ஆசிக் ஆபீசில் பில் போடுகிறவன், இருபத்தாறு வயது. பொது மெயிலைத் திறந்தபோது முதலாளிக்கு வந்த ஒரு மெயிலும் அதில் தெரிந்திருக்கிறது. பார்த்துவிட்டான். அதில் என்ன இருந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. அவன் பார்த்தான் என்பது தேவாவுக்குத் தெரிந்தது, அது போதாதா? ஷாப் நடுவே வைத்துக் காதோடு சேர்த்து அறைந்தான். ஒன்றல்ல, ஆறு. ஆசிக் விழுந்ததும் தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தான். காதிலிருந்து ரத்தம் வந்து சட்டைக் காலர் நனைந்தது. நாற்பது பேர் நின்று பார்த்தோம். ஒரு பிரஸ்ஸின் மோட்டாரைக்கூட யாரும் அணைக்கவில்லை. அண்ணன் அப்போது பேங்குக்குப் போயிருந்தார். திரும்பி வந்து தரையில் ரத்தத்தைப் பார்த்தவர் ரொம்ப நேரம் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஆசிக்குக்குச் செவிப்பறை கிழிந்துவிட்டது. அதற்கப்புறம் அவன் வேலைக்கு வரவில்லை.

மறுநாள் அண்ணன் சர்வரில் இருந்த ஃபோல்டர்கள் எல்லாவற்றையும் முதலாளி பெயருக்கு மாற்றினார். முதலாளியைத் தவிர வேறு யார் பெயரில் நுழைந்தாலும் திறக்காது. "இனிமே யாரும் தெரியாத்தனமாக்கூட தொட முடியாதும்மா. எவனுக்கும் அடி வுழாது" என்று என்னிடம் சொன்னார். நல்லது நினைத்துத்தான் செய்தார். அதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன்.

இந்த வருஷம் ஏப்ரலில் முதலாளிக்குக் குப்பை மெயில் தொல்லை. லாட்டரி விழுந்தது, மாத்திரை சாப்பிடு, பேங்க் அக்கவுண்ட் முடங்கியது என்று ஒரு நாளைக்கு இருநூறு. அதைத் தடுக்க ஒரு ஃபில்டர் போடச் சொன்னார். அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து போட்டார். அந்த ஃபில்டருக்கு இரண்டு சாமான் தேவை. ஒன்று, நமக்குத் தெரிந்த நல்ல ஆட்களின் மெயில் முகவரிப் பட்டியல். அவர்கள் அனுப்பினால் கேள்வி கேட்காமல் உள்ளே விடும். இன்னொன்று, சந்தேகமான மெயிலை ஒதுக்கிப் போட ஒரு பெட்டி. இரண்டையும் அண்ணன் எங்கே வைத்தார்? ஏற்கெனவே முதலாளி பெயரில் பூட்டியிருந்த அதே ஃபோல்டருக்குள். ஃபில்டரோ சர்வருக்குள் தனிப் பெயரில் வேலை பார்க்கிற ஒரு ஆள் மாதிரி. அதற்கு அந்த ஃபோல்டருக்குள் போக அனுமதியே இல்லை. இது அண்ணனுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் அவர் சோதித்துப் பார்த்ததெல்லாம் எல்லாப் பூட்டும் திறக்கிற அட்மின் பெயரில். அவருக்கு எல்லாம் திறந்தது.

மே மாசம், ஒரு புதன்கிழமை காலை. கத்திரி வெயில். முதலாளி குடும்பத்தோடு திருவேற்காடு கோயிலுக்குப் போயிருந்தார், போன் ஆஃப். எங்களிடம் பீஸ் வாங்குகிற ஸ்ரீபெரும்புதூர் பார்ட்டி எனக்குப் போன் போட்டு, நாலு மெயில் அனுப்பியும் பதில் இல்லையென்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டான். நான் நேராக மாடிப்படிக்குக் கீழே போய் அண்ணன்மேல் பாய்ந்தேன்.

"இன்னாண்ணே, நீ போட்ட ஃபில்டரு குப்பையத் தடுக்குதா, இல்ல எங்க பொழப்பத் தடுக்குதா? நாலு மெயிலு போட்டுகீறானாம். எங்க போச்சு?"

"கத்தாதம்மா. பாரு, நான் தொறந்தா பட்டியல் தொறக்குது. பெட்டி தொறக்குது. எல்லாம் கரெக்ட்டாத்தான் கீது."

"உனக்குத் தொறக்கும்ண்ணே. நீதானே பூட்டுனவன்! அதுக்குத் தொறக்குதா?"

கோபத்தில் சொன்னது. அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு தன் பெயரிலிருந்து வெளியே வந்து, ஃபில்டரின் பெயரில் உள்ளே நுழைந்து, அதே பட்டியலைத் திறக்கச் சொன்னார். 'பர்மிஷன் டினைடு' என்று ஒரே வரி வந்தது. பெட்டியில் ஒன்றைப் போடச் சொன்னார். அதே வரி. நடப்பதையெல்லாம் சர்வர் தானாக எழுதி வைக்கிற லாகைத் திறந்தால் இருபது நாளாக அந்த ஒரே வரிதான், பக்கம் பக்கமாக. பட்டியலைப் படிக்க முடியாததால் அது தெரிந்தவர்களையும் சந்தேகப்பட்டிருக்கிறது. சந்தேகப்பட்டதைப் பெட்டியில் போடவும் முடியாமல் வரிசையிலேயே நிறுத்தி வைத்து, மறுபடி மறுபடி முட்டிப் பார்த்திருக்கிறது. ஐந்து நாள் முட்டிவிட்டு அனுப்பியவனுக்கே திருப்பிவிடுமாம்.

"அய்யோ" என்று தலையில் கை வைத்தார்.

அவசரத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எழுதலாம் என்று பட்டியலைத் திறந்துவிட்டார். அப்போதும் ஃபில்டர் எடுக்கவில்லை. கண்டவனும் மாற்றக்கூடிய பட்டியலை நம்பமாட்டேன் என்று லாகில் எழுதியது. "இதுக்குக் கீற ரோஷத்தப் பாத்தியா" என்று சிரித்துவிட்டார். பிறகு நிதானமாக, முதலாளி பெயரையும் ஃபில்டர் பெயரையும் ஒரே குழுவில் சேர்த்தார். பட்டியலை அது படிக்கலாம், மாற்ற முடியாது, பெட்டியில் போடலாம். மறுபடி அதே வரி. எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. அவர் ஒவ்வொரு ஃபோல்டராக வெளியே வந்து பார்த்தார். உள்ளே இருந்ததையெல்லாம் திறந்துவிட்டவர், எல்லாவற்றுக்கும் மேலே இருந்த ஃபோல்டரை மறந்திருந்தார். கதவு திறந்து என்ன, தெருக் கேட் பூட்டியிருந்தால்? அதற்குள் நுழைய மட்டும் குழுவுக்கு அனுமதி கொடுத்தார். வரிசையை மறுபடி ஓட்டினார். தேங்கிக் கிடந்ததில் குப்பையெல்லாம் பெட்டிக்குப் போக, நல்ல மெயில் நாற்பத்தொன்று கடகடவென்று உள்ளே வந்து விழுந்தது.

நான் ஸ்ரீபெரும்புதூர் மெயிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் வேறொன்றைத் திறந்து படித்தார். புது பிரஸ் செய்து கொடுத்த கம்பெனியிடமிருந்து சனிக்கிழமை வந்த மெயில் அது. நீங்கள் வாங்கிய பிரஸ்ஸில் கிளட்ச் சாவி உடைகிறது, பெடலை மிதிக்காமலேயே மேல் பாகம் தானாக இறங்கலாம், உடனே மெயினை அணைத்துவிடுங்கள், எங்கள் ஆள் வந்து பார்க்கும்வரை போடவே போடாதீர்கள் என்று எழுதியிருந்தது.

அந்தப் பிரஸ் ஏழாம் நம்பர். அதில் உட்கார்ந்து வேலை செய்கிறவள் பொன்னியம்மா.

பொன்னியம்மாவைப் பற்றி நான் சொல்லியே ஆகவேண்டும். பட்டாபிராமிலிருந்து காலை ரயிலில் வருவாள், கான்ட்ராக்ட் ஆள். ஷாப்பிலேயே வேகமான கை அவளுடையது. தகட்டை வைத்து, பெடலை மிதித்து, பீஸை எடுத்து, அடுத்ததை வைப்பது கண்ணுக்குத் தெரியாது. அண்ணனை 'மெயிலு மாமே' என்று கூப்பிட்டு வம்புக்கு இழுப்பாள். எனக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்து, "துன்னு, துன்னுட்டு அப்பால கத்து" என்பாள்.

அண்ணன் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"பொன்னிம்மா, எந்திரி! கைய எடு! மிசின் சரியில்ல!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் தேவா வந்துவிட்டான். மதியம் போகவேண்டிய லோடு அது. "இன்னாடா சவுண்டு? மிசின் நல்லாத்தான் ஓடிகினு கீது. நீ போய் கம்ப்யூட்டரப் பாரு."

"மெயில் வந்துகீதுப்பா. செஞ்சவனே நிறுத்தச் சொல்றான். அந்தப் பொம்பள கை போய்டும்."

"எப்ப வந்துச்சி மெயிலு?"

அண்ணன் பொய் சொல்லவில்லை. "சனிக்கிழம."

"சனிக்கிழம வந்ததுக்கு இன்னிக்கு இன்னாடா டான்ஸு? நாலு நாளா ஒண்ணும் ஆவல இல்ல? அண்ணன் வரட்டும், அவரு சொன்னா நிறுத்தறேன். ஏய், நீ அடி!"

பொன்னியம்மா தேவாவைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். பிறகு அடுத்த தகட்டை எடுத்து வைத்தாள். அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அண்ணன் திரும்பி, சுவரில் இருந்த மெயின் ஹேண்டிலைப் பிடித்து ஒரே இழுப்பில் கீழே இறக்கினார். பதினோரு பிரஸ்ஸும் அடங்கியது. அந்த ஷாப்பில் பகலில் அப்படி ஓர் அமைதியை நான் கேட்டதே இல்லை.

தேவா அவர் சட்டையைப் பிடித்தான். அண்ணன் கை பாக்கெட்டுக்குப் போகவில்லை. அவன் மூக்கில் விட்டார் ஒன்று. எலும்பு முறிகிற சத்தம் எனக்குக் கேட்டது. தேவாவின் வாயெல்லாம் ரத்தம். இரண்டாவது குத்தில் அவன் பெஞ்சில் மோதி விழுந்தான். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். இன்னும் போடு, இன்னும் போடு என்று மனசுக்குள் கத்தினேன். ஆனால் தேவா எழுந்தபோது அவன் கையில் பெரிய ஸ்பேனர் இருந்தது. அதால் அண்ணன் விலாவில் அடித்தான். அவர் மடங்கியதும் முதுகில் அடித்தான். கீழே விழுந்த பிறகு பூட்ஸ் காலால் வாயில் மிதித்தான். ஒரு பல் தெறித்து என் செருப்புக்குப் பக்கத்தில் வந்து விழுந்தது.

இவ்வளவும் நடக்கும்போது பொன்னியம்மா, கரண்ட்தான் இல்லையே என்று, தகட்டை வளைக்கிற அச்சில், அதுதான் டை, சிக்கியிருந்த பீஸை எடுக்கக் கையை உள்ளே விட்டிருந்தாள். எல்லாரும் சண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவளை யாரும் பார்க்கவில்லை.

நான் மெயின் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஏய் ஷர்மிளா, மெயினப் போடு!" என்று தேவா கத்தினான். பக்கத்தில் இருந்த தகரப் பெட்டியை ஓர் உதை விட்டான்.

தரையில் கிடந்த அண்ணன் ரத்தம் ஒழுகுகிற வாயோடு, "போடாதம்மா... போடாத..." என்றார். நன்றாகக் கேட்டது. காது கேட்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை.

நான் போட்டேன்.

அடிக்கடி கரண்ட் போய்ப் போய் வருகிறது என்று, ஒவ்வொரு பிரஸ்ஸிலும் ஸ்டார்ட்டர் பட்டனை மரத்துண்டு வைத்து அழுத்திக் கட்டியிருந்தான் தேவா. மெயின் வந்ததும் மோட்டார்கள் தானாக ஓட ஆரம்பிக்கும். ஏழாம் நம்பர் ஓடியது. யாரும் பெடலை மிதிக்கவில்லை. அது இறங்கியது.

பொன்னியம்மா முதலில் கத்தவில்லை. தன் கையை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி திரும்பிப் பார்த்தாள். அப்புறம்தான் கத்தினாள். மறுபடி மெயினை அணைத்து, பிரஸ்ஸின் பெரிய சக்கரத்தைக் கையால் பின்னுக்குத் திருப்பி அவளை எடுப்பதற்கு எட்டு நிமிஷம் ஆனது. திருப்பியவர் அண்ணன். மூன்று விலா எலும்பு உடைந்த மனுஷன், தேவாவைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து, மூச்சு வாங்க வாங்கத் திருப்பினார். தேவா ஸ்பேனரை வைத்துக்கொண்டு சும்மா நின்றான்.

ஆஸ்பத்திரிக்கு மங்களம் அண்ணி வந்தார். கட்டுப் போட்டுக் கிடந்த புருஷனை மேலிருந்து கீழே பார்த்தார். அம்மா வீட்டுக்குப் போவேன் என்று சொன்னவர் ஆயிற்றே என்று நினைத்துக்கொண்டேன். அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அவனுக்கு நல்லா குட்த்தியா?" அண்ணன் தலையாட்டினார். அண்ணி முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டார்.

சாயங்காலம் அண்ணனை விசாரிக்க ஆஸ்பத்திரிக்கே போலீஸ் வந்தது. அப்படி ஒரு மெயில் வரவே இல்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். லாகைக் காட்டினால் மெயில் வந்தது நிரூபணமாகும். கூடவே அதைப் பூட்டி வைத்தது யார் என்பதும் நிரூபணமாகும். அதைக் காட்டாமல் இருந்திருந்தால் அண்ணனை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். அவர் படுத்தபடியே போனில் சர்வரைத் திறந்து காட்டினார். "வந்த மெயில நாலு நாள் நிறுத்தி வெச்சது என் தப்பு சார். படிச்சுச் சொன்னப்புறம் ஓட்டுனது அவன் தப்பு. ரெண்டையும் எழுதிக்குங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள். தேவா ரிமாண்டுக்குப் போனான். அண்ணனுக்கும் வேலை போனது. இப்போது பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு கடையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறார். எந்த ஃபோல்டரைப் பூட்டினாலும், யார் யார் திறக்கவேண்டுமோ அவரவர் பெயரில் நுழைந்து பார்த்துவிட்டுத்தான் மிஷினைக் கொடுக்கிறாராம்.

அந்தப் போலீஸ் பேப்பரில் என் பெயர் இல்லை. மெயினைப் போட்டது யார் என்று கேட்டபோது அண்ணன், சண்டையில் தான் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். நானும் வாயை மூடிக்கொண்டு நின்றேன். ஊரையே கேள்வி கேட்கிற வாய்!

எட்டாம் நாள் அண்ணனும் நானும் பொன்னியம்மாவைப் பார்க்கப் போனோம். வலது கை மணிக்கட்டோடு இல்லை. இடது கையில் குளுகோஸ் ஏறிக்கொண்டிருந்தது. நாங்கள் உட்கார்ந்ததும் அவளே கேட்டாள்.

"அன்னிக்கு மெயினப் போட்டது யாரு?"

"அது இப்ப எதுக்கு பொன்னிம்மா" என்றார் அண்ணன் அவசரமாக.

"நான்தாங்க்கா" என்றேன்.

"நீயா?" அவள் என்னையே பார்த்தாள். "அந்தப் பேமானி உன்ன அட்ச்சானா?"

"இல்லக்கா."

"கய்த்தப் புட்ச்சி நெரிச்சானா?"

"இல்லக்கா. கத்தினான்."

"கத்தினதுக்கேவா?"

எனக்கு ஓடிவிடலாம் என்று இருந்தது.

அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். அப்படியே இருந்தபடி, "சரி, அந்தத் தண்ணிய எட்த்து வாயாண்ட புடி. எனக்குப் புடிக்க வராது" என்றாள்.

டம்ளரைப் பிடித்தேன். பாதித் தண்ணீர் அவள் கழுத்தில் கொட்டியது.